கேன்டர்பரி கதைகள்: முன்னுரையோடு எழுந்துவிட்டோமா?

#1 வைகைக்கரை

என் மகள் இப்போது பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கு வைத்த அதே பாடம் அவளுக்கும் வந்திருக்கிறது: ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகள், பொது முன்னுரை மட்டும். அதே மாதிரி கைடு, அதே ஐந்து மதிப்பெண் கேள்வி. "பாத் நகரத்துப் பெண்மணியைப் பற்றிச் சிறுகுறிப்பு வரைக." பல்லுக்கு நடுவே சந்து, சிவப்புக் காலுறை, ஐந்து புருஷன். முடிந்தது.

சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவன் புத்தகத்தை மூடாமல் மேலே போய்விட்டேன். ஆறு வாரத்தில் எல்லாக் கதைகளும் படித்தாயிற்று, கடைசிப் பிரசங்கம் ஒன்றைத் தவிர. முன்னுரையை மட்டும் பாடமாக வைப்பது எப்படி இருக்கிறது தெரியுமா? பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டு, தண்ணீர் தெளிக்கச் சொல்லி, அப்படியே எழுப்பி அனுப்புவது மாதிரி.

படிக்காதவர்களுக்காக: 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியது. லண்டன் பாலத்துக்குத் தெற்கே சதர்க்கில் டாபர்டு என்று ஒரு விடுதி. 1170இல் கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் சமாதிக்கு யாத்திரை போகிற முப்பது பேர் ஏப்ரல் மாதத்தில் அங்கே கூடுகிறார்கள். விடுதிக்காரர் ஹாரி பெய்லி ஒரு போட்டி வைக்கிறார். போகும்போது ஆளுக்கு இரண்டு கதை, வரும்போது இரண்டு. ஜெயித்தவருக்கு மற்றவர்கள் செலவில் விருந்து, அதுவும் அவருடைய விடுதியிலேயே (ஆள் விவரம்தான்). கணக்குப்படி 120 வர வேண்டும். இருப்பது 24. அதிலும் சில அரைகுறை.

என் கட்சி இதுதான். கதைகளைவிட, ஒரு கதை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் நடக்கிற சண்டைதான் இதில் உயிர். யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்று பார்க்காமல் ஒரு கதையை மட்டும் பிய்த்துப் படித்தால் பாதிதான் கிடைக்கும். மறுக்கிறவர்கள் வரலாம்.

#2 மழைக்காகம்

வந்துட்டேன் சார். :)

நைட் (குதிரை வீரர்) சொல்ற கதை இத்தாலிக்காரர் பொக்காச்சியோ கிட்ட எடுத்தது. ஆக்ஸ்போர்டு மாணவர் சொல்ற கிரிசில்டா கதை இன்னொரு இத்தாலிக்காரர் பெட்ரார்க் கிட்ட எடுத்தது, அதுவும் பொக்காச்சியோவோட கதைதான். சரி, ஒரு கூட்டம் உட்கார்ந்து கதை சொல்ற அமைப்பாவது சொந்தமான்னு பார்த்தா, பொக்காச்சியோவோட டெக்கமரான் அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. எல்லாமே இரவல். இதுக்கு "ஆங்கிலக் கவிதையின் தந்தை"ன்னு பட்டம் வேற.

#3 ஏட்டுச்சுரைக்காய்

இரவல்தான். அந்தக் காலத்தில் கதையைச் சொந்தமாக உண்டாக்குவது பெருமை இல்லை. தெரிந்த கதையை எப்படிச் சொல்கிறாய் என்பதுதான் பெருமை. அவர் இத்தாலிக்கு அரசாங்க வேலையாக 1372-73இலும் 1378இலும் போய்வந்தவர். அங்கே படித்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். இதில் வேடிக்கை, பெட்ரார்க்கைப் பெயர் சொல்லிப் புகழ்கிறவர், அதிகம் கடன் வாங்கிய பொக்காச்சியோவின் பெயரை ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

டெக்கமரானோடு ஒப்பிட்டது நல்லதாயிற்று. அங்கே 1348 கொள்ளைநோய்க்குத் தப்பி ஊருக்கு வெளியே போகிற பத்து இளைஞர்கள், எல்லாரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். தோட்டத்தில் உட்கார்ந்து பத்து நாளில் நூறு கதை, முறை வைத்து, மரியாதையாக. கதை சொன்னவரின் பெயரை மாற்றிப் போட்டாலும் பல இடங்களில் வித்தியாசம் தெரியாது. சாசரிடம் அப்படி மாற்ற முடியாது. மாவு அரைக்கிறவன் கதையை மடத்துத் தலைவி வாயில் வைத்துப் பாருங்கள்!

#4 வைகைக்கரை

நான் சொல்ல வந்ததும் இதேதான். முதல் நாலு கதையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

சீட்டுப் போட்டுப் பார்த்ததில் முதல் முறை நைட்டுக்கு விழுகிறது. அவர் பெரிய இடத்துக் கதை சொல்கிறார். பாலமன், ஆர்சைட் என்று இரண்டு பேர் சிறையில் இருந்தபடி ஜன்னல் வழியாக எமிலியைப் பார்க்கிறார்கள், இருவருக்கும் காதல், கடைசியில் படை திரட்டிச் சண்டை. (இந்தியாவின் அரசன் எமெட்ரியஸ் என்று ஒருவரும் அதில் ஒரு பக்கம் நின்று சண்டை போடுகிறார். எந்த இந்தியாவோ!) கேட்டவர்கள் ஆஹா என்கிறார்கள். விடுதிக்காரர் அந்தஸ்து பார்த்து, அடுத்து மடத்துத் துறவியைக் கூப்பிடுகிறார்.

அப்போது மாவரைக்கிறவன் குறுக்கே விழுகிறான். குதிரைமேல் நேராக உட்கார முடியாத போதை. நைட்டின் கதைக்கு என்னிடம் பதில் இருக்கிறது, விடாவிட்டால் நான் என் வழியே போகிறேன் என்கிறான். விடுகிறார்கள். அவன் கதையிலும் ஒரு பெண், இரண்டு ஆண்கள், ஒரு ஜன்னல். ஆனால் இடம் ஆக்ஸ்போர்டில் ஒரு தச்சன் வீடு. வாடகைக்கு இருக்கிற மாணவன் நிக்கோலஸ், தச்சனின் இளம் மனைவி ஆலிசன், கோயில் குமாஸ்தா அப்சலன். நோவா காலத்து வெள்ளம் மறுபடி வரப்போகிறது என்று சொல்லித் தச்சனைக் கூரையில் தொங்கும் தொட்டியில் தூங்க வைத்துவிட்டு, கீழே அவர்கள் பாடு. அந்த ஜன்னலில் நடப்பதை இங்கே எழுத மட்டுறுத்துநர் விடமாட்டார். பழுக்கக் காய்ச்சிய கலப்பைக் கொழு ஒன்று வருகிறது என்பதோடு நிறுத்துகிறேன்.

நைட்டின் காதல் காவியத்தை அப்படியே தெருவுக்கு இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறான், பார்த்தீர்களா? அதே முக்கோணம், அதே ஜன்னல்.

இப்போது பண்ணைக் காரியஸ்தருக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் அவர் சின்ன வயதில் தச்சுத் தொழில் கற்றவர். ஏமாந்த தச்சன் கதை தன்னைக் குத்திச் சொன்னது என்று எடுத்துக்கொண்டு, கேம்பிரிட்ஜ் பக்கத்தில் மாவு திருடுகிற ஒரு மில்காரனை இரண்டு மாணவர்கள் பழிவாங்குகிற கதையைச் சொல்கிறார். அது சமையற்காரனுக்குப் பிடித்துப்போய், அவனும் ஒன்று ஆரம்பிக்கிறான். 58 வரி. நின்றுவிட்டது. ஒரு பழைய கையெழுத்துப் பிரதியில், "இந்தக் கதையில் சாசர் இதற்குமேல் எழுதவில்லை" என்று படியெடுத்தவர் ஓரமாகக் குறித்து வைத்திருக்கிறார்.

#5 மழைக்காகம்

மாவு மில் கதையில நீங்க நைசா தாண்டிப் போனதை நான் சொல்றேன். அந்த மாணவர்கள் பழிவாங்குறது எப்படி? ராத்திரி அவன் வீட்டுலயே தங்கி, அவன் பொண்ணுகிட்டயும் பொண்டாட்டிகிட்டயும். ஆம்பளைங்க மாவுச் சண்டைக்கு அந்த ரெண்டு பேர் எதுக்கு விலை கொடுக்கணும்? பதிலுக்குப் பதில்னு ரசிச்சுச் சொல்றீங்களே, அவங்களைக் கேட்டாங்களா?

#6 வைகைக்கரை

குத்து சரியாக விழுந்தது. தாண்டித்தான் போனேன். அந்தக் கதையை நான் ரசித்தது பேச்சு வழக்குக்காக. அந்த மாணவர்கள் வடக்கத்தி ஆங்கிலம் பேசுகிறார்கள். வட்டார வழக்கை வைத்துச் சிரிப்பு மூட்டுவது ஆங்கில இலக்கியத்தில் மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று. ஆனால் நீங்கள் கேட்டதற்கு இது பதில் ஆகாது.

#7 தறிக்காரன்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நெசவு. அதனால் எனக்குப் பிடித்தவர் அந்த பாத் நகரத்து அம்மாள்தான். அவள் தொழிலே துணி நெய்வது. ஈப்ர், கெண்ட் (இன்றைய பெல்ஜியம்) ஊர் நெசவாளர்களையே மிஞ்சியவள் என்று முன்னுரையில் வருகிறது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்கே நல்ல துணி அந்த ஃபிளாண்டர்ஸ் ஊர்களில் இருந்துதான். அதற்குக் கம்பளி போனது இங்கிலாந்தில் இருந்து.

சாசர் இதைச் சும்மா எழுதவில்லை. 1374 முதல் 12 வருஷம் லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கத்துக்குக் கணக்கு அதிகாரி அவர். கணக்கைச் சொந்தக் கையால் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. பகலெல்லாம் மூட்டைக் கணக்கு, ராத்திரி கவிதை. குடியிருந்தது ஆல்ட்கேட் கோட்டை வாசலுக்கு மேலே இருந்த வீட்டில். 1381இல் வரி எதிர்த்துக் கிளர்ந்த குடியானவர்கள் லண்டனுக்குள் புகுந்த வழிகளில் அந்த வாசலும் ஒன்று. அவ்வளவு பெரிய கலவரத்தைப் பற்றிக் கதைகளில் நேராக வருவது ஒரு இடம்தான்: சேவலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நரியைத் துரத்தும் கூச்சல் கலவரத் தலைவர்களில் ஒருவரான ஜாக் ஸ்ட்ராவின் ஆட்கள் போட்ட கூச்சலைவிடப் பெரிது என்கிறார். சர்க்கார் உத்தியோகஸ்தர், வாயை அளந்துதான் திறப்பார்.

#8 மழைக்காகம்

அந்த அம்மா விஷயத்துக்கு வர்றேன். பெண் குரல், பெண் குரல்னு எல்லாரும் கொண்டாடுறாங்க. எழுதினது ஆம்பளை. அவ பேசுற பேச்சுல பாதி புனித ஜெரோம் பெண்களைத் திட்டி எழுதின நூல்ல இருந்து வந்தது. பொம்பளைன்னா இப்படித்தான் வாயாடின்னு காட்டுறதுக்கு ஒரு பொம்மை, அவ்வளவுதான்.

#9 ஏட்டுச்சுரைக்காய்

ஜெரோம் சரி. ஆனால் அந்தப் பொருளை வைத்து அவள் என்ன செய்கிறாள்?

12 வயதில் முதல் கல்யாணம். முதல் மூன்று பேர் பணக்காரக் கிழவர்கள். ஐந்தாமவன் ஜேன்கின், அவளைவிட இருபது வயது இளையவன், படித்தவன். தினமும் ராத்திரி கணப்பு ஓரத்தில் உட்கார்ந்து கெட்ட மனைவிகளின் கதைத் தொகுப்பு ஒன்றை அவளுக்கு வாசித்துக் காட்டுவான். (ஜெரோமும் அதற்குள் இருக்கிறார்!) ஒருநாள் பொறுக்க முடியாமல் அதிலிருந்து மூன்று தாளைக் கிழித்து, கன்னத்தில் ஒரு குத்து விடுகிறாள். அவன் திருப்பி அடித்ததில்தான் ஒரு காது செவிடு. முன்னுரையில் முதலிலேயே "காது கொஞ்சம் மந்தம், பாவம்" என்று ஒரு வரி வருமே, பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அதற்குக் காரணம் இதுதான். முன்னுரையோடு நிறுத்தினவனுக்கு இது கடைசிவரை தெரியாது.

அவள் கேட்கிற கேள்வி ஒன்று. சிங்கத்தை மனிதன் கொல்வதாக வரைந்திருக்கிறதே, வரைந்தது யார், சிங்கமா? பெண்கள் கதை எழுதியிருந்தால் ஆண்களின் அக்கிரமத்தை எழுதி மாளாது என்கிறாள். பொம்மை தன் தலைக்கு மேலே இருக்கிற கையைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இது.

#10 மழைக்காகம்

ம்ம். சிங்கம் வரி நல்லாருக்கு. பாதி ஒத்துக்கிறேன்.

#11 பனங்கொட்டை

நான் லண்டனில இருக்கிறன். இந்த இழையைப் பாத்திட்டு நேற்று வேலை முடிய அந்த டாபர்டு இருந்த இடத்துக்குப் போனனான். லண்டன் பிரிட்ஜ் ஸ்டேசனுக்குக் கிட்ட, பரோ ஹை ஸ்ட்ரீட்டில இருந்து உள்ளுக்குப் போற ஒரு சந்து. டால்பட் யார்ட் எண்டு பேர். கட்டடத்தை 1873 இல இடிச்சுப் போட்டாங்கள். இப்ப சுவரில நீல வட்டப் பலகை ஒண்டுதான். பாக்க ஒண்டுமில்லை எண்டு திரும்பினா, பக்கத்தில ஜோர்ஜ் விடுதி. 1676 நெருப்புக்குப் பிறகு திருப்பிக் கட்டினது, சாசர் காலத்ததில்லை. ஆனா முற்றம், மரத் தாழ்வாரம் எல்லாம் பாக்க, குதிரையளோட ஆக்கள் வெளிக்கிட்டிருக்கிறது இப்பிடித்தான் எண்டு ஒரு பிடி கிடைக்குது.

கேன்டர்பரிக்கும் ஒருக்காப் போனனான். சமாதி இல்லை. 1538 இல எட்டாம் ஹென்றி உடைச்சுப் போட்டான். அது இருந்த இடத்தில நிலத்தில ஒரு மெழுகுதிரி மட்டும் எரிஞ்சுகொண்டிருக்கு. கதையில அவையள் போய்ச் சேரவே இல்லை, அங்க போனா சமாதியும் இல்லை. எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது.

#12 கூடுவிட்டுக்கூடு

எல்லாரும் இத்தாலியிலேயே நிற்கிறீர்கள். கொஞ்சம் கிழக்கே வாருங்கள்.

பாவமன்னிப்புச் சீட்டு விற்கிறவன் சொல்லும் கதை: மூன்று குடிகாரர்கள் சாவைக் கொல்லக் கிளம்புகிறார்கள். ஓக் மரத்தடியில் தங்கக் காசுக் குவியல் கிடைக்கிறது. சின்னவனை டவுனுக்கு அனுப்பி ரொட்டியும் ஒயினும் வாங்கிவரச் சொல்கிறார்கள். அவன் ஒயினில் விஷம் வைக்கிறான். இவர்கள் அவனைக் குத்திக் கொன்றுவிட்டு, அந்த ஒயினைக் குடிக்கிறார்கள். பாலி மொழி ஜாதகக் கதைகளில் வேதப்ப ஜாதகம் என்று ஒன்று. கடைசியில் மிஞ்சும் இரண்டு கொள்ளைக்காரர்களில் ஒருவன் சோற்றில் விஷம் வைக்கிறான், மற்றவன் அவனை வெட்டிவிட்டு அந்தச் சோற்றைச் சாப்பிடுகிறான். வாய்வழியாகவும் மொழிபெயர்ப்பாகவும் மேற்கே நடந்துபோன கதைகளில் இதுவும் ஒன்று.

சாசர் தன் பங்குக்குச் சேர்த்தது சொல்கிற ஆளை. அவன் கதைக்கு முன்னால் தன் தொழில் ரகசியத்தைத் தானே உளறுகிறான்: கண்ணாடிக் குடுவையில் இருப்பது வெறும் கந்தலும் எலும்பும்தான், புனிதப் பொருள் என்று நம்புவது ஜனங்கள், என் பிரசங்கம் எப்போதும் ஒன்றே, பேராசைதான் எல்லாத் தீமைக்கும் வேர். பேராசைக்காரன் பேராசையைப் பற்றிப் பேசிப் பேராசைக்குத் தீனி போடுகிறான். இதையெல்லாம் சொல்லிவிட்டு, கதை முடிந்ததும் கூசாமல், வாருங்கள், காசு கொடுத்து எலும்பை முத்தமிடுங்கள் என்று விடுதிக்காரரையே கூப்பிடுகிறான். விடுதிக்காரர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. நைட் நடுவில் புகுந்து சமாதானம் செய்து வைக்கிறார். வைகைக்கரை சொன்ன "நடுவில் நடக்கிற சண்டை" இங்கேதான் உச்சம்.

இன்னொன்று, நிலக்கிழார் சொல்லும் கதை. தோரிஜன் என்பவள், கணவன் கடல் தாண்டிப் போயிருக்கும்போது தன்னைச் சுற்றிவரும் இளைஞனிடம், இந்தக் கரையில் இருக்கிற பாறையெல்லாம் மறைந்தால் உன்னை ஏற்கிறேன் என்று விளையாட்டாகச் சொல்லிவிடுகிறாள். அவன் ஆயிரம் பவுன் பேசி ஒரு மந்திரவாதியைப் பிடித்துப் பாறைகள் மறைந்த மாதிரி காட்டிவிடுகிறான். திரும்பி வந்த கணவன், கொடுத்த வாக்கைக் காப்பாற்று, போ என்கிறான். இளைஞன் வெட்கப்பட்டு அவளைத் திருப்பி அனுப்புகிறான். மந்திரவாதி கூலியை விட்டுக்கொடுக்கிறான். இவர்களில் யார் பெருந்தன்மைக்காரர்?

விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு மணி அடிக்க வேண்டுமே! வேதாளம் சொல்லும் மதனசேனை கதை. கல்யாணத்தன்று கணவனிடம் சொல்லிவிட்டுப் பழைய வாக்குக்காகப் போகிறாள். வழியில் திருடன் மறிக்கிறான், திரும்பி வருகிறேன் என்றதும் விடுகிறான். அந்த வாலிபனும் அனுப்பிவிடுகிறான். திரும்பி வந்தவளைத் திருடனும் நகையோடு விட்டுவிடுகிறான். யார் உயர்ந்தவன்? திருடன்தான் என்கிறான் விக்கிரமன், மற்ற இருவருக்கும் வேறு காரணங்கள் இருந்தன. சாசருக்கு நேர் மூலம் பொக்காச்சியோவின் வேறொரு நூல்தான். ஆனால் ஒரே குடும்பத்துக் கதை என்பதை ஆய்வாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்கள்.

நம் கதையில் பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். அங்கே நிலக்கிழார் கேட்டுவிட்டு நிறுத்துகிறார். முப்பது பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

#13 ஏட்டுச்சுரைக்காய்

கடைசி வரிக்காக ஒரு காபி வாங்கித் தரலாம்.

#14 மழைக்காகம்

மடத்துத் தலைவி பத்தி யாரும் பேசலையே. முன்னுரையில பொறியில மாட்டின எலியைப் பார்த்தாக்கூட அழுவாங்க, நாய்க்குட்டிக்கு வறுத்த கறியும் வெள்ளை ரொட்டியும் போடுவாங்க. அவங்க சொல்ற கதையோ, யூதர்கள் ஒரு கிறிஸ்துவப் பையனைக் கொன்னுட்டாங்கன்னு. கடைசியில அந்தக் கொலை தெரிஞ்ச அத்தனை யூதர்களையும் குதிரையில கட்டி இழுத்து, தூக்குல போடுறாங்க. 1290லயே இங்கிலாந்துல இருந்து யூதர்களை விரட்டியாச்சு. கண்ணால பார்க்காத சனத்து மேல இந்த வெறுப்பு. இதையும் "பாத்திரத்தோட குரல்"னு சொல்லித் தப்பிக்க விடுவீங்களா?

அப்புறம் 1380ல சிசிலி ஷாம்பெய்ன்ங்கிற பொண்ணு, "ராப்டஸ்" (லத்தீன்ல கடத்தல்னும் வரும், பாலியல் வன்முறைன்னும் வரும்) சம்பந்தமா சாசர் மேல இனி வழக்கில்லைன்னு எழுதிக் கொடுத்த பத்திரம் இருக்கே?

#15 ஏட்டுச்சுரைக்காய்

இரண்டாவதை முதலில் பார்ப்போம். அந்தப் பத்திரம் 1873 முதல் தெரிந்தது. நூறு வருஷத்துக்கு மேல் பாலியல் வன்முறை வழக்கு என்றுதான் பெரும்பாலும் படிக்கப்பட்டது. 2022இல் புதிதாக வெளிவந்த ஆவணங்களில் சாசரும் சிசிலியும் ஒரே பக்கத்தில், பிரதிவாதிகளாக இருக்கிறார்கள். வழக்குப் போட்டவர் அவளுடைய பழைய எஜமானர், தன் வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று. கொள்ளைநோய்க்குப் பிறகு ஆள் பற்றாக்குறையில் வந்த தொழிலாளர் சட்டத்தின் கீழ். இதோடு எல்லாம் தீர்ந்தது என்று சில பெண்ணிய ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் பழைய வாசிப்பு அப்படியே நிற்காது.

முதலாவது: தப்பிக்க விடமாட்டேன். எலிக்கு அழுகிறவள் வாயில் இந்தக் கதையை வைத்தது வேண்டுமென்றே செய்த குத்தல் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கதை முடிந்ததும் எல்லாரும் வாயடைத்து இருந்தார்கள் என்று ஒரு வரி வருகிறது. அது பக்தியா, வேறா என்று அவர் சொல்லவில்லை.

உடனே விடுதிக்காரர், கூட்டத்தில் தலை குனிந்தே வரும் ஒரு குண்டு ஆளைப் பார்த்து, "நீ யாரப்பா, தரையையே பார்த்துக்கொண்டு வருகிறாய், முயல் தேடுகிறாயா?" என்கிறார். அந்த ஆள் சாசர்தான். அவரும் ஒரு பாட்டு எடுத்துவிடுகிறார். சகிக்க முடியாமல் விடுதிக்காரர் பாதியில் நிறுத்தி, உன் பாட்டு மலத்துக்குக்கூடப் பெறாது என்று சொல்லிவிடுகிறார். அத்தனை பேருக்கும் நல்ல கதை எழுதிக் கொடுத்தவர் தனக்கு வைத்துக்கொண்டது அது.

#16 மட்டுறுத்துநர்

சண்டை மரியாதையாக நடப்பதால் இழை திறந்தே இருக்கும். #4 எழுதியவர் என் பெயரை இழுத்ததையும் கவனித்தேன்.

#17 நெல்லிக்காய்

நான் மாணவி. ஆசைதான், ஆனா அந்த ஆங்கிலம் ஒரு வரிகூடப் புரியலை. எங்கே ஆரம்பிக்கிறது?

#18 தறிக்காரன்

கண்ணால் படிக்காதீர்கள், காதால் படியுங்கள். அப்போது உயிரெழுத்துகளின் உச்சரிப்பு வேறு. முதல் வரியை "வான் தட் ஆப்ரில் வித் ஹிஸ் ஷூரெஸ் ஸோட்டெ" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நைட் என்பதை க்னிஹ்ட் என்பார்கள், எழுதியிருக்கிற எல்லா எழுத்தும் ஒலிக்கும். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தளத்தில் வரிக்குக் கீழே இக்கால ஆங்கிலத்தோடு இலவசமாக இருக்கிறது. சேவலும் நரியும் கதையில் தொடங்குங்கள். சின்னது, சிரிப்பு. கனவு பலிக்குமா என்று சேவலும் அதன் பெண்டாட்டியும் செய்கிற தர்க்கம் ஒன்றே போதும்.

#19 ஏட்டுச்சுரைக்காய்

எந்த வரிசையில் என்று யாராவது கேட்டால்: அதற்கும் முடிவில்லை. பத்துத் துண்டுகளாகத்தான் கிடைத்திருக்கிறது, எண்பதுக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளில் வரிசை மாறி மாறி வருகிறது. இங்கிலாந்தின் முதல் அச்சகக்காரர் காக்ஸ்டன் அச்சிட்டபோதே தகராறு. வாங்கின ஒருவர் வந்து, சாசர் எழுதினது இது இல்லை, எங்கள் அப்பாவிடம் நல்ல பிரதி இருக்கிறது என்று சொல்ல, அதை வாங்கித் திருத்தி 1483இல் இரண்டாம் பதிப்பைப் படங்களோடு போட்டார். வாசகர் கடிதத்துக்கு மதிப்புக் கொடுத்த பதிப்பாளர்!

#20 வைகைக்கரை

நேற்று அந்தக் கடைசிப் பிரசங்கத்தையும் படித்து முடித்தேன், மகளிடம் பந்தயம் கட்டியதால். பொழுது சாயும் நேரம், ஏதோ ஒரு கிராமத்து எல்லை. கதையெல்லாம் கிடையாது என்று பங்குச் சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, உரைநடையில் பாவம், மன்னிப்பு என்று நீளமாகப் போகிறார். நெளிந்தேன், ஒளிக்கவில்லை. அது முடிந்ததும் சாசர் தன் குரலில் வருகிறார். பாவத்தின் பக்கம் சாய்கிற கேன்டர்பரிக் கதைகளுக்காக மன்னித்துவிடுங்கள் என்கிறார். மாவரைக்கிறவன், பாத் அம்மாள், எல்லாரும் அதில் அடக்கம்.

மனதார வருந்தினாரா, அந்தக் காலத்து வழக்கப்படி எழுதி வைத்தாரா என்று எனக்கும் மகளுக்கும் ராத்திரி பதினொன்று வரை வாக்குவாதம். அவள், வருந்தியவர் கதைகளைக் கிழித்திருப்பாரே என்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளுக்குத் திங்கட்கிழமை இன்டர்னல். கேள்வி முன்னுரையில் இருந்துதான்.